சருகைக் கூட்டாதீர்கள்!

நகரப் பூங்காக்களில் நம் மண்ணுக்குரிய செடிகொடிகளை மீட்பது, நடக்கும் பாதையைச் சீராக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். எழுதுபவர் முப்பத்தொரு வருடம் சாலைப் பொறியாளராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு சென்னையில் ஒரு பூங்காவில் ஞாயிறுதோறும் களை பிடுங்குகிறார்.

எங்கள் தெருப் பூங்காவின் பின்மூலையில் பத்து சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. நம் நாட்டு மரங்களை நட்டுக் காடாக்க நலச்சங்கத்தில் முடிவு செய்திருக்கிறோம். ஒருவர் ஐந்நூறு கன்று நன்கொடை தருகிறார். எப்படித் தொடங்குவது?
– வாசகி, அசோக் நகர்

நன்கொடையாளருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். கன்றுகளை மட்டும் இப்போது வாங்கிவிடாதீர்கள். பத்து சென்ட் என்றால் 4,356 சதுர அடி. ஐந்நூறு கன்று வைத்தால் ஒன்றுக்கு ஒன்பது சதுர அடிகூட வராது. நெருக்கி நட்டால் கிடுகிடுவென்று உயரும் என்பார்கள். உயரும்தான். ஆனால் சென்னையின் சொந்தக் காடு உயரத்துக்குப் பேர்போனதல்ல. இந்தக் கடற்கரைக்கு உரியது உலர் பசுமைமாறாக் காடு: குட்டை மரங்கள், முட்புதர்கள், எல்லாவற்றையும் பின்னிக்கொண்டு கொடிகள். கிண்டி தேசியப் பூங்காவின் 2.7 சதுர கிலோமீட்டரில் அதன் மிச்சம் இருக்கிறது. இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால், புதுச்சேரி போகும் வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் ஒரு காலைப்பொழுது இருந்துவிட்டு வாருங்கள். அய்யனாருக்குப் பயந்து யாரும் அரிவாளை எடுக்காததால் பிழைத்த காடு அது.

அந்தக் காட்டைப் பார்த்துவிட்டு வந்தால் பட்டியல் தானாக வரும். மேலே பாலை, வீரை, நாவல், நெய்க்கொட்டான். நடுவில் வெட்பாலை, ஆத்தி, காயா. கீழே காரை, களா. ஏறிப் படர ஆதொண்டை. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடுகிறோமே, பூத்த காயாவுக்கு எதிரில் நின்றவர் நம்மில் எத்தனை பேர்? கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலத்தை அப்பி வைத்தது போலிருக்கும். நர்சரியில் கேட்டால், "அதெல்லாம் விற்காது சார்" என்று மறுபடியும் அலங்காரப் பனையைக் காட்டுவார்கள். விதை சேகரித்து வளர்ப்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆளுயரக் கன்றுக்கு ஆசைப்படாதீர்கள். பையில் நெடுநாள் கிடந்த கன்றின் வேர், அடியில் சும்மாடு போலச் சுருண்டிருக்கும். நட்ட பிறகும் அது சுருண்டபடியே பருத்து, பத்தாவது வருடம் ஒரு காற்றில் மரத்தைச் சாய்க்கும். முழங்கால் உயரம் போதும். ஆவணியில் குழி எடுத்து, புரட்டாசிக் கடைசியில் முதல் நல்ல மழை பெய்ததும் நடுங்கள். அதற்குமேல் பருவமழை பார்த்துக்கொள்ளும். அடுத்த இரண்டு கோடையை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்கொடையாளரிடம் நூற்றைம்பது கன்று மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கு இரண்டு வருடம் வாரம் ஒரு நாள் களை எடுப்பவரின் கூலியைக் கேளுங்கள். களைக்கூலிக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்று அவர் கொஞ்சம் தயங்குவார்.

களை எடுப்பவருக்கு எது களை என்று தெரிந்திருக்கவும் வேண்டும். முதல் வருடம் நான் தரையோடு படர்ந்த ஒரு செடியை மும்முரமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பூங்காவில் வேலை பார்க்கும் செய்யூர்ப் பக்கத்து அம்மா என் கையைத் தட்டிவிட்டு ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். கருஞ்சிவப்பு உடம்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, மேலெல்லாம் சதை முட்களோடு ஒரு புழு. "ஆடுதின்னாப்பாளை ஐயா, ஆடே தொடாது, இது மட்டும்தான் தின்னும்" என்றார். அந்தப் புழுதான் சிவந்த உடம்பும் கறுப்புச் சிறகுமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சி ஆகிறது. அன்றிலிருந்து அவர் சொன்னால்தான் நான் எதையும் பிடுங்குவது.

ஏரிக்கரைப் பூங்காவில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்துவிடலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், செங்குன்றம்

ஒரே நாளில் வழித்துவிடலாம். ஒரே மழையில் திரும்ப வந்துவிடும். மண்ணுக்குள் அதன் விதை காத்துக்கிடக்கிறது. நீங்கள் வெயிலைத் திறந்துவிட்டதும் கம்பளம் விரித்தது போல முளைக்கும்.

இந்த மரத்தை நாமே வரவழைத்தோம். 1876-இல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் விறகுத் தோட்டங்களுக்காக விதை கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதையை மறுவருடம் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். இன்றும் ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டு இதனால் பிழைப்பவர்கள் உண்டு. ஆகவே அதை அரக்கன் என்று திட்ட எனக்கு வாய் வருவதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தையே குடித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும் கதையையும் நம்ப வேண்டாம். நம் செடிகளுக்கு இடமும் வெளிச்சமும் விடாது, அந்தக் குற்றமே போதும்.

கரையை நாலாகப் பிரித்து, மழைப் பருவத்துக்கு ஒரு பங்கு எடுங்கள். தரைக்கு மேலே வெட்டினால் தூரிலிருந்து பத்துக் கிளை கிளம்பும். ஓர் அடி ஆழம் தோண்டித் தூரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் அந்த மழைக்கே நடவு முடிந்திருக்க வேண்டும். புதிய முளைகளை விரல் நீளத்தில் பிடுங்கினால் கையோடு வரும், ஒரு வருடம் விட்டால் கடப்பாரை கேட்கும். கொக்கும் நாரையும் கூடு வைத்திருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை தொடாதீர்கள். ஆடுமாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பும் என்பதால் வேலி முக்கியம்.

ஜேசிபிக்காரருக்கு முன்கூட்டியே ஒரு பாடம் எடுங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே இறுகியிருக்கும். சீமையின் பூ கதிராகத் தொங்கும், காய் பட்டையாக நீண்டிருக்கும். இதைச் சொல்லாமல் விட்டதால் கரையில் இருந்த நல்ல கருவேலங்களும் சேர்ந்து லாரி ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

நம்பிக்கைக்கு வேண்டுமானால் அடையாறு உப்பங்கழியோரத் தொல்காப்பியப் பூங்காவைப் பாருங்கள். குப்பையும் கட்டட இடிபாடும் சீமைக்கருவேலமுமாகக் கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, தண்ணீருக்கு இடம்விட்டு, நம் காட்டு இனங்களை நட்டு 2011-இல் திறந்தார்கள்.

எனக்கு 71 வயது. பூங்காவின் மண் பாதை மழையில் சேறாகிவிடுகிறது. பேவர் பிளாக் பதிக்க மனு கொடுத்தோம். 'இயற்கையைக் கெடுக்காதீர்கள்' என்று சில இளைஞர்கள் தடுக்கிறார்கள். முழங்கால் வலி எனக்கா, அவர்களுக்கா?
– வாசகர், நங்கநல்லூர்

வலி உங்களுக்குத்தான். நானும் அந்த வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவன். ஆனால் சேற்றுக்கு மண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள். தண்ணீர் போக வழியில்லாததுதான் சேறு. வழி செய்யாமல் பேவர் பிளாக் பதித்தால் அதன் மேல் பாசி படியும். வழுக்கினால் சேற்றைவிட அது கடினமான மெத்தை.

என் கதையைக் கேளுங்கள். சாலை போட்ட திமிரில், எங்கள் பூங்காவின் முதல் பாதைக்கு ஆறு அங்குலம் பள்ளம் எடுத்துக் கிராவல் நிரப்பினேன். நாள் போகப் போக நடந்து நடந்து கிராவல் அமுங்கியது. நவம்பர் மழையில்தான் நான் வெட்டியது பாதையல்ல, வாய்க்கால் என்று புரிந்தது. சேற்றைத் தவிர்க்க மக்கள் ஓரமாக நடந்தார்கள். ஓரமும் சேறானதும் அதற்கும் ஓரமாக நடந்தார்கள். நாலடிப் பாதை பொங்கலுக்குள் பதினோரு அடியாகிவிட்டது. முந்தின மழைக்கு நட்ட களாக் கன்றுகள் அத்தனையும் செருப்புக்கடியில். ஒரு குட்டை தேங்கினால் காடு பின்வாங்குகிறது என்பதை முப்பத்தொரு வருட உத்தியோகம் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மறுவருடம் தலைகீழாகச் செய்தோம். பாதைக்குப் பள்ளம் எடுக்கவில்லை. இருபுறமும் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே பாதையில் கொட்டி மேடாக்கினோம். அதன் மேல் நாலு அங்குலக் கனத்துக்கு நாற்பது மில்லி மீட்டர் ஜல்லி, அதன் மேல் மூன்று அங்குலம் கிராவல். தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தோம். நடுவை உயர்த்தி ஓரத்துக்குச் சரிவு கொடுத்தோம். சாலைக்காரர்கள் பாஷையில் கேம்பர், நாற்பதுக்கு ஒன்று. நாலடிப் பாதையில் நடுப்பகுதி ஓரத்தைவிட அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். ரசமட்டம் வைக்காமல் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். வாய்க்கால் இரண்டும் போய்ச் சேரும் பள்ளத்தில் மாவிலங்கமும் புங்கமும் வைத்தோம். அவை ஈரத்தில் செழித்துக் கிடக்கின்றன.

மரத்தருகே போகும்போது மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். சாப்பாடு தேடும் வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. பாதையை வளைத்துக்கொண்டு போவது மலிவு. டெல்லியில் மரங்களின் அடியில் சுற்றிலும் ஒரு மீட்டர் தூரத்துக்குக் காங்கிரீட்டை உடைத்தெடுக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவே போட வேண்டியிருந்தது.

இன்னொன்று, வரைபடம் போடுமுன் ஒரு மாதம் சும்மா உட்கார்ந்து மக்கள் எங்கே நடக்கிறார்கள் என்று பாருங்கள். பால் வாங்கப் போகிறவர் உங்கள் அழகான வளைவைச் சுற்றிக்கொண்டு போகமாட்டார். அவருடைய ஒற்றையடிப் பாதையையே முறையான பாதையாக்குங்கள். மூடியே ஆக வேண்டிய குறுக்குவழியில் 'உள்ளே வராதீர்' என்று பலகை வைத்தோம், ஒருவரும் மதிக்கவில்லை. இரண்டு காரைச் செடி வைத்தோம், முள்ளை எல்லோரும் மதித்தார்கள்.

வாசல், குழாயடி, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், இங்கெல்லாம் பேவர் பிளாக் தாராளமாகப் போடலாம். சாய்தளம் மட்டும் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடி ஏற்றத்துக்குமேல் செங்குத்தாக வேண்டாம். மனுவை மாற்றி எழுதும்போது நூறு தப்படிக்கு ஒரு பெஞ்சும் கேளுங்கள். இளைஞர்கள் அதற்குக் கையெழுத்துப் போடுவார்கள்.

புதர் வளர்த்தால் பாம்பு வராதா?
– வாசகி, வேளச்சேரி

வரலாம். சாரைப்பாம்பு எலியைத் தேடி வரும். எலி, நாம் எறியும் பஜ்ஜிக் காகிதத்தைத் தேடி வரும். குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள். பாதையின் இருபுறமும் மூன்றடிக்குப் புல்லைக் குட்டையாக வைத்தால் நீங்கள் அதைப் பார்க்கலாம், அதுவும் உங்களைப் பார்த்து ஒதுங்கும்.

குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் அயல் மரங்களாமே, வெட்டிவிட வேண்டுமா?
– வாசகர், அண்ணா நகர்

வேண்டாம். குல்மொஹர் மடகாஸ்கர்க்காரர், தூங்குமூஞ்சி தென்னமெரிக்கா. வந்து நிழல் கொடுத்தவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது நம் வழக்கமல்ல. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது சாய்ந்தவற்றில் இந்த மாதிரி மரங்கள் ஏராளம். தானாகச் சாயும்போது அந்தக் குழியில் நம் மரத்தை வையுங்கள்.

இங்கே புக்கிட் தீமாக் காட்டின் பாதைகளைச் சீரமைக்க இரண்டு வருடம் மூடினார்கள். அவ்வளவு காலம் தேவையா?
– வாசகர், சிங்கப்பூர்

2014 செப்டம்பர் முதல் 2016 அக்டோபர் வரை. தேவைதான். கால்பட்டு இறுகி, மழையில் அரித்து, வேர் வெளியே தெரிந்த சரிவு அது. சரிவுகளை உறுதிப்படுத்தி, பல இடங்களில் கைப்பிடி வைத்த பலகைப் பாதையைத் தரைக்கு மேலே தூக்கிக் கட்டினார்கள். நீங்கள் மேலே நடக்கலாம், கீழே மண் மூச்சு விடலாம். எங்கள் பூங்காவை ஒன்பது நாள் மூடியதற்கே எனக்கு மொட்டைக் கடிதம் வந்தது.

பூங்கா ஊழியர்கள் தினமும் சருகைக் கூட்டி எரிக்கிறார்கள். சொன்னால் கேட்பதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கே.கே. நகர்

அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. சருகு கிடந்தால் மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்குபவர் கூட்டுகிற அம்மாதான். நாங்கள் மேற்பார்வையாளரை அழைத்து வந்து, பாதையோரம் செங்கல்லைச் சாய்த்துப் புதைத்து ஒரு கோடு போட்டோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் கூட்டுவது, அந்தப் பக்கம் துடைப்பம் போகக்கூடாது. இதை அவரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். பாதையில் கூட்டிய சருகு கோட்டைத் தாண்டி உள்ளே போகும். எரிப்பது நின்றது. அம்மாவுக்கு வேலையும் பாதியானது.

இரண்டாம் ஐப்பசியில் ஒரு காலை, அந்த அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைச் சைகையால் கூப்பிட்டார். வீரைக் கன்றுக்கு அடியில், சருகை ஒவ்வொன்றாக அலகால் தள்ளிப் புழு தேடிக்கொண்டிருந்தது ஆறுமணிக்குருவி. வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு இறங்கி வரும் பறவை. பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால். இருவரும் அசையாமல் நின்றோம். வாக்கிங் வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன தேடுகிறீர்கள், சாவியா?" என்று கேட்டார்.