பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் உட்புறத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

பாட்டனாரின் துப்பாக்கிக்குள் எத்தனை முறை எண்ணெய்த் துணி செலுத்தினாலும் கறுப்பாகவே வருகிறது என்கிறீர்கள். எண்ணெய் மட்டும் போதாது என்பதே காரணம். கரிமருந்தும் (பழைய கறுப்பு வெடிமருந்து), பழைய ரவைகளின் அடியில் தீப்பொறி எழுப்பும் பொட்டாசியம் குளோரேட் கலந்த எரியூட்டியும் விட்டுச்செல்லும் உப்புகள் எண்ணெயில் கரைவதில்லை. கொழும்பின் கடற்காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே இரும்பை அரிக்கின்றன.

முதலில் ரவை இடும் அறைகள் இரண்டும் வெறுமையாக உள்ளனவா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, குழல்களைக் கழற்றி, மரப்பகுதியை நீர் படாதவாறு அப்பால் வையுங்கள். கொதிநீரை அறைப்பக்கத்திலிருந்து ஊற்றுங்கள். உப்பு கரைவதோடு, சூடேறிய உலோகம் விரைவில் உலர்ந்தும் விடும். பிறகு ஊடுருவும் எண்ணெயைப் பூசி ஓரிரவு ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையை அறைப்பக்கத்திலிருந்தே முழு நீளத்துக்கும் செலுத்துங்கள். அறையை அடுத்தும் குழல் வாயருகே ஒடுங்கும் இடத்திலும் சாம்பல்நிறத்தில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் ஈயம். அதற்குத் தூரிகையில் செப்பு நாரைச் சுற்றித் தேய்க்கலாம். உருக்குத் தூரிகையும் மணல்தாளும் கூடவே கூடாது. ஈயத் தூசு நஞ்சாகையால் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்வது அவசியம்.

துணி தூய்மையாக வந்ததும் மெல்லிய எண்ணெய் பூசுங்கள். அரிப்பினால் விழுந்த குழிகள் எந்தத் தூரிகைக்கும் மறையா. அவற்றைத் தேய்த்து அழிக்க முயல்வது குழற்சுவரை மெலியச் செய்யும். குழிகள் ஆழமாகத் தெரிந்தால், தேர்ந்த துப்பாக்கித் திருத்துநர் பார்க்கும்வரை சுடாதீர்கள். அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகிறதா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.