பஸ் பிரேக் பிடிக்கும்போது எம்மைத் தள்ளுவது யார்?

கேள்வி: காலி வீதியில் பஸ் திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது முன்னால் தள்ளப்படுகிறேன். அப்படியொரு விசையே இல்லை, அது போலி விசை என்று வகுப்பில் சொல்கிறார்கள். இல்லாத விசையால் கம்பியைப் பிடித்திருந்த என் கை எப்படி வலித்தது?
— உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கையை வலிக்கச் செய்தது கம்பி. அந்த விசை மெய்யானதுதான். ஆனால் அது உங்களை முன்னே தள்ளவில்லை, பின்னே இழுத்தது.

வீதியோரத்தில் நிற்பவர் இதை எப்படிக் காண்கிறார் என்று பாருங்கள். பஸ்ஸின் வேகம் குறைகிறது. தளத்தின் உராய்வு உங்கள் பாதங்களையும் சேர்த்து மந்தமாக்குகிறது. மேலுடம்போ பழைய வேகத்திலேயே போக முற்படுவதால் கம்பிதான் அதைப் பின்னோக்கி இழுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நியூற்றனின் விதிகளுக்கு மேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. விசை எதுவும் தாக்காத பொருள் ஓய்விலோ நேர்கோட்டில் சீரான வேகத்திலோ இருப்பதாகத் தோன்றும் இத்தகைய நோக்குநிலையையே சடத்துவ மாட்டேற்றுச் சட்டம் (inertial frame; இங்கே ‘சட்டம்’ என்பது விதியன்று, அசைவை அளக்கும் சட்டகம்) என்கிறோம்.

பஸ்ஸுக்குள் இருந்து கணக்குப் பார்த்தால் சிக்கல் எழுகிறது. கம்பி பின்னோக்கி இழுத்தும் நீங்கள் பஸ்ஸைப் பொறுத்து அசையாமல் நிற்கிறீர்கள். கணக்குச் சமப்பட வேண்டுமானால், உங்கள் திணிவைப் பஸ்ஸின் ஆர்முடுகலால் (வேகம் மாறும் வீதத்தால்) பெருக்கி, அந்த ஆர்முடுகலுக்கு எதிர்த்திசையில், அதாவது முன்னோக்கி, ஒரு விசையைச் சேர்த்தாக வேண்டும். அதுவே போலி விசை. கம்பியின் இழுவைக்குக் கம்பியும், உராய்வுக்குத் தளமும், நிறைக்குப் புவியும் பொறுப்பு. இந்த முன்னோக்கிய விசையைத் தரும் பொருள் எதுவென்று கேட்டால் மட்டும் பதில் இல்லை, எனவே அதற்கு மறுதாக்கமும் இல்லை. ‘போலி’ என்ற சொல் எனக்கு உவப்பானதன்று. பொய் என்று பொருள்படும்படி அது மாணவரைக் குழப்பிவிடுகிறது.

ஒரு திறப்பை நூலில் கட்டி, ரயிலில் உள்ள மேற்கம்பியில் தொங்கவிட்டுப் பாருங்கள் (கையில் பிடித்தால் நடுக்கத்தால் ஊசலாடும்). ரயில் நேர்ப்பாதையில் சீராக ஓடும்போது, எவ்வளவு விரைவாக ஓடினாலும், ரயில் நின்றிருந்தபோது போலவே அது நேராகத் தொங்கும். சீராகச் செல்லும் கப்பலின் அறைக்குள் இருப்பவரால் கப்பல் செல்வதை அறிய முடியாது என்று கலிலியோ 1632இல் எழுதியதும் இதைத்தான். ரயில் புறப்படும்போது நூல் பின்னோக்கிச் சாயும். சாய்வு 6 பாகையானால் ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 1 மீற்றர். சிறிய திறப்பானாலும் பெரிய பூட்டானாலும் சாய்வு ஒன்றே, ஏனெனில் ஈர்ப்பைப் போலவே இவ்விசையும் திணிவுக்கு விகிதசமமானது. இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடாமல் 1907இல் ஐன்ஸ்டைன் பற்றிக்கொண்டதிலிருந்தே ஈர்ப்பை விளக்கும் அவரது பொதுச் சார்புக் கொள்கை வளர்ந்தது.

கேள்வி: பூமியே சுழல்கிறதே, அப்படியானால் கொழும்பின் தரையும் சடத்துவச் சட்டம் அல்லவே? பேசினில் நீர் சுழன்று இறங்குவதும் இதனால்தானா?
— வாசகர், வத்தளை

பதில்: கண்டிப்பாகப் பார்த்தால், அல்லதான். கொழும்பு செக்கனுக்கு ஏறத்தாழ 460 மீற்றர் கதியில் கிழக்கு நோக்கி வட்டமிடுகிறது. அதனால் விளையும் ஆர்முடுகல் ஈர்ப்பு ஆர்முடுகலில் முந்நூறில் ஒரு பங்களவே என்பதால் பஸ் கணக்கில் அதை விட்டுவிடலாம். இச்சுழற்சியை 1851இல் பாரிஸில் 67 மீற்றர் நீளக் கம்பியில் 28 கிலோகிராம் குண்டைத் தொங்கவிட்டுப் பிரெஞ்சு பௌதிகவியலாளர் பூக்கோ கண்முன் காட்டினார். அங்கே ஊசலின் அலைவுத் தளம் ஒரு முறை சுற்ற 32 மணித்தியாலம் வரை செல்லும். சுற்றும் வீதம் அகலக்கோட்டின் சைனைப் பொறுத்தது. கொழும்பு 7 பாகையில் இருப்பதால் இங்கே மணிக்கு 1.8 பாகைதான் திரும்பும், முழுச் சுற்றுக்கு எட்டு நாட்களுக்கு மேலாகும்.

நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரந்து பல நாட்கள் நீடிக்கும் சூறாவளியில் இதே சுழற்சியின் விளைவைத் தவிர்க்க முடியாது. மத்திய கோட்டுக்கு 5 பாகைக்குள் சூறாவளிகள் மிக அரிதாகவே உருவாவதற்கும் அங்கே அவ்விளைவு நலிவதே காரணம். பேசின் சில செக்கன்களில் வற்றிவிடுகிறது. அதில் நீர் எப்பக்கம் சுழலும் என்பதைத் தீர்மானிப்பவை பேசினின் வடிவமும், குழாயிலிருந்து நீர் விழுந்த பக்கமும், நீங்கள் கையை எடுத்த விதமுமே.