லேப் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ எல்லை எப்படி வருகிறது? கேள்வி பதில்

கேள்வி: மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் 20 டெஸ்ட் எடுத்தேன். ஒன்று மட்டும் ரேஞ்சுக்குச் சற்று வெளியே இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: உடனே பயப்படாதீர்கள். ஆரோக்கியமானவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதம் பேரின் அளவைத்தான் பொதுவாக ரேஞ்ச் என்று அச்சடிக்கிறோம். மேலே 2.5, கீழே 2.5 சதவீதம் பேர் நோயே இல்லாமல் வெளியே விழுவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒன்றாவது வெளியே போக 64 சதவீத வாய்ப்பு உண்டு. எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் எம்.எல்.டி. (மருத்துவ லேப் தொழில்நுட்பம்) மாணவி. ரேஞ்ச் வகுக்க ஆரோக்கியமான 120 பேரைச் சோதிக்க வேண்டும் என்கிறார்களே, எதற்கு? சராசரியோடு 2 எஸ்.டி. (திட்ட விலக்கம், அதாவது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) கூட்டிக் கழித்தால் போதாதா?

பதில்: பரவல் மணி வடிவில் இருந்தால் போதும். டிரைகிளிசரைடு (இரத்தக் கொழுப்பு), டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) எல்லாம் அப்படி இல்லை, வலப்பக்கம் வால் நீளும். உதாரணத்துக்கு, டிரைகிளிசரைடின் சராசரி 120, எஸ்.டி. 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் எல்லை மைனஸ் 20 வரும்! இரத்தத்தில் அப்படி ஒரு அளவே கிடையாது. அளவுகளுக்கு மடக்கை (லாக்) எடுத்து, வாலைச் சுருக்கிக் கணக்கிடலாம். எனக்குப் பிடித்தது வரிசைப்படுத்தும் முறைதான்: 120 அளவுகளைச் சிறியதிலிருந்து அடுக்குங்கள். 0.025 × 121 = 3.025. ஆக 3-வது அளவு கீழ் எல்லை, 118-வது மேல் எல்லை. கீழ் எல்லையின் 90 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான எல்லை இருக்கக்கூடிய வரம்பு) 1-வது அளவிலிருந்து 7-வது வரை. ஆள் குறைந்தால் இந்த இடைவெளியை இம்முறையில் சொல்லவே முடியாது. ஆண், பெண் தனித்தனி ரேஞ்ச் வேண்டுமென்றால் தலா 120 பேர்.

கேள்வி: எங்களுடையது சின்ன லேப். அத்தனை பேருக்கு எங்கே போவது?

பதில்: கிட்டோடு வரும் ரேஞ்சைச் சரிபார்த்தால் போதும். ஆரோக்கியமான 20 பேரைச் சோதியுங்கள். 2 பேர் வரை வெளியே இருந்தால் ஏற்கலாம். 3 அல்லது 4 என்றால் இன்னொரு 20 பேர். 5-ஐத் தொட்டால் அந்த ரேஞ்ச் உங்கள் ஊருக்கு ஆகாது. ஆனால் ஆள் தேர்வில் கறாராக இருங்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் தெரியாமல் கலந்தால், கல்லீரல் டெஸ்டான ஏ.எல்.டி.யின் மேல் எல்லை ஏறி, நோயாளியும் ‘நார்மல்’ ஆகிவிடுவார். இதில் விட்ட கோட்டையை எந்தச் சூத்திரமும் பிடித்துத் தராது.

கேள்வி: சர்க்கரை நோய்க்குப் பார்க்கும் எச்.பி.ஏ.1.சி. டெஸ்டின் 6.5 சதவீத எல்லையும் இப்படி வந்ததா?

பதில்: இல்லை. அது நோயைத் தீர்மானிக்கும் எல்லை. அந்த அளவையொட்டிக் கண் விழித்திரைப் பாதிப்பு கூடுவதைப் பார்த்து வைத்தது.