படம் பாதியில் நிற்கிறது என்பதற்காகச் சர்வரை மாற்றாதீர்கள்

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துகிறோம். எங்கள் இணையதளத்தில் ஏற்றும் டிசைன் படங்கள் பல, மேற்பகுதி மட்டும் தெரிந்து கீழே சாம்பல் நிறமாக நின்றுவிடுகின்றன. பழைய சிறு படங்களுக்குக் குறையில்லை. படங்கள் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸுக்குள் (தகவல் கிடங்குக்குள்) இருப்பதாகவும், பெரிய சர்வருக்கு மாறினால்தான் சரியாகும் என்றும் தளத்தைச் செய்து கொடுத்தவர் சொல்கிறார். மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். பாதியில் நிற்கும் படம் ஒன்றை உங்கள் கணினியில் சேமித்து அதன் அளவைப் பாருங்கள். சரியாக 65,535 பைட் என்று காட்டினால் கோளாறு சர்வரில் இல்லை. படத்தை வைக்க ஒதுக்கிய இடத்தில் இருக்கிறது. மைஎஸ்கியூஎலில் ‘பிளாப்’ என்ற சேமிப்பு வகைக்கு அதுவே உச்ச அளவு, அதாவது 64 கேபி. 130 கேபி படமானால் ஏறக்குறையப் பாதி தெரியும். செல்பேசியில் எடுத்த 3 எம்பி படமானால் மேலே ஒரு கீற்றுதான் மிஞ்சும். இடம் போதாவிட்டால் ஏற்ற மறுக்கும் கண்டிப்பான முறை 5.7 பதிப்பு முதல் இயல்பாகவே இயங்குகிறது. அது அணைக்கப்பட்டிருந்தால்தான், மிஞ்சியதை வெட்டி எறிந்துவிட்டு, படம் ஏறிவிட்டது என்றே டேட்டாபேஸ் சொல்லும். விற்பனைப் பொருளின் படத்தை நம்பி ஒப்படைத்த தளத்தில் இப்படி அணைத்து வைப்பது மன்னிக்க முடியாத அலட்சியம்.

அந்த வகையை ‘மீடியம்பிளாப்’ என்று மாற்றினால் 16 எம்பி வரை கொள்ளும்; சில நிமிட வேலைதான். ஆனால் வெட்டுப்பட்ட பகுதி எங்கும் சேமிக்கப்படவில்லை என்பதால், அந்தப் படங்களை மூலக் கோப்பிலிருந்து மறுபடியும் ஏற்றியே ஆக வேண்டும்.

எல்லோரும் பார்க்க வேண்டிய டிசைன் படங்களை 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, சர்வரில் ஒரு கோப்புறையில் வைத்து, டேட்டாபேஸில் கோப்பின் பெயரை மட்டும் எழுதி வைப்பதே நல்லது. அப்போது ஒவ்வொரு படத்துக்கும் நிரலை எழுப்பி டேட்டாபேஸைத் தேடச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை வந்த படத்தை வாடிக்கையாளரின் பிரவுசரும் எளிதாகச் சேமித்துக்கொள்ளும். அந்தக் கோப்புறையில் எந்த நிரலும் இயங்காதபடி தடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஆனால் வாடிக்கையாளர் கையெழுத்திட்டு ஒப்புதல் தந்த வரைபடத்தின் நகல் போன்றவை வேறு. ஆர்டர் பதிவாகும்போது அதுவும் சேர்ந்து பதிவாக வேண்டும், ஆர்டரை நீக்கினால் அதுவும் நீங்க வேண்டும், உரியவரைத் தவிர வேறு எவரும் பார்க்கக் கூடாது. இந்த மூன்றையும் டேட்டாபேஸில் ஒரே இடத்தில் உறுதிப்படுத்துவது எளிது, கோப்புறையில் வைத்தால் நாமே கண்காணிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2006-இல் ‘எஸ்கியூஎல் சர்வர்’ என்ற தங்கள் நிறுவன டேட்டாபேஸை வைத்துச் செய்த ஒப்பீட்டிலும், 256 கேபிக்குக் குறைவானவற்றை டேட்டாபேஸ் நன்றாகக் கையாண்டது. 1 எம்பிக்கு மேற்பட்டவற்றுக்குக் கோப்பு முறையே சிறந்தது என்று தெரிந்தது. ஆகவே அத்தகைய சிறு நகல்களை உள்ளேயே வைத்திருங்கள்.

நான் அஞ்சுவது வேறொன்றை. காரைக்குடிப் பக்கம் கண்டாங்கிச் சேலை விற்பவர், பலகாரம் அனுப்புபவர் என்று பலருக்குத் தளம் செய்து கொடுக்கும் இடைத்தரகர்கள், டொமைனையும் (தளத்தின் இணையப் பெயர்) ஹோஸ்டிங் கணக்கையும் (தளத்துக்குச் சர்வரில் இடம் வாங்கும் கணக்கு) தங்கள் பெயரிலேயே பதிந்துகொள்கிறார்கள். கோளாறு எதுவானாலும் அடுத்த திட்டத்துக்கு மாறுங்கள் என்பதே அவர்கள் சொல்லும் மருந்து. மாதக் கட்டணத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ‘அளவில்லா இடம்’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதைப் பொடி எழுத்தில் புதைத்து வைக்கின்றன. கேட்க ஆளில்லாமல் இது ஆண்டுக்கணக்காக நடக்கிறது.

எனவே வேலையைத் தொடங்கச் சொல்லும் முன், டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். டேட்டாபேஸின் முழு நகலையும் நிர்வாகக் கடவுச்சொற்களையும் கையில் வாங்குங்கள். தர மறுத்தால், அவருக்கு இனி ஒரு ரூபாயும் தராமல் வேறு ஆளைப் பாருங்கள்.