கேள்வி – பதில்: சிந்திகளுக்கு ஊர் எது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

ரொறன்ரோவில் என் மகளின் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிந்திகள். அவசரத்துக்குப் பேரப்பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொள்கிற நல்ல சனம். ஆனால் எந்த ஊர் என்று கேட்டால் பாட்டி ஹைதராபாத் என்கிறார், மகன் பம்பாய் என்கிறார், பேரன் ஹொங்கொங் என்கிறானாம். உண்மையில் எது இவர்களுடைய ஊர்?
– வாசகி, உப்புவெளி

மூன்று பேர் சொன்னதும் சரிதான் அம்மா. பாட்டி சொல்வது இந்தியாவில் இருக்கிற ஹைதராபாத் அல்ல, சிந்து மாகாணத்தில் இருக்கிற ஹைதராபாத். 1947இல் பிரிவினை வந்தபோது பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்து ஆளுக்கொரு பாதி கொடுத்தார்கள், சிந்துவைப் பிரிக்கவில்லை, அது முழுதாகப் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. பஞ்சாபி இந்துவுக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் ஒரு பஞ்சாப் இருந்தது. சிந்தி இந்துவுக்கு அப்படிச் சொல்ல ஒரு துண்டு நிலமும் மிஞ்சவில்லை. முதலில் பலர் கிளம்பவே இல்லை, அயலவரோடு சண்டை சச்சரவு இல்லாதபோது ஏன் போகவேண்டும் என்று இருந்தார்கள். 1948 ஜனவரி 6ஆம் தேதி கராச்சியில் கலவரம் வெடித்த பிறகுதான் கப்பல் கப்பலாகப் புறப்பட்டார்கள். மொத்தமாக 10 இலட்சத்துக்கும் மேல்.

பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண் என்ற இடத்தில் உலகப் போர்க்காலத்து இராணுவக் கொட்டில்கள் சும்மா கிடந்தன. அதற்குள் கொண்டுபோய் விட்டார்கள். நீளமான ஒரு கொட்டிலுக்குள் பல குடும்பம், நடுவே சாக்கையோ பழைய சேலையையோ தொங்கவிட்டு அதுதான் சுவர். நேற்றுவரை கடையும் காணியுமாக இருந்தவர்களின் பிள்ளைகள் ரயிலில் இனிப்பு விற்றார்கள். அந்த முகாம்தான் 1949இல் உல்லாஸ்நகர் என்று பெயர் பெற்று இன்று ஒரு பெரிய நகரமாக நிற்கிறது. இன்னொரு பக்கம் பாய் பிரதாப் என்ற வணிகர் காந்தியின் உதவியோடு கட்ச் மகாராவிடம் 15,000 ஏக்கர் நிலம் தானமாகப் பெற்று, காந்திதாம் என்ற ஊரையே புதிதாக எழுப்பினார்.

முகாம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. 2006இல் போரால் சம்பூரை விட்டு ஓடிய சனம் கிளிவெட்டியிலும் மற்ற முகாம்களிலும் வருடக்கணக்கில் கிடந்து, 2015க்குப் பிறகு திரும்பிப் போய்ப் பற்றை வெட்டி வீட்டு அத்திவாரத்தைத் தேடினார்கள். கொடுமைதான், ஆனால் தேடுவதற்கு அத்திவாரம் இருந்தது. அந்தப் பாட்டிக்கும் அவருடைய வீட்டுக்கும் நடுவே இரண்டு நாடுகளின் எல்லை நிற்கிறது, விசா கிடைத்தால் பார்க்கலாம், அவ்வளவுதான். உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அந்தப் பாட்டியோடு ஒருநாள் ஆறுதலாக உட்கார்ந்து ஹைதராபாத்தைப் பற்றிக் கேட்கட்டும்.

கொழும்பில் சிந்திக் கடைகளுக்கு அப்பா காலத்திலிருந்தே போய் வந்திருக்கிறோம். அவர்களும் அகதியாக வந்தவர்களா?
– வாசகர், உவர்மலை

பழைய குடும்பங்கள் அப்படி வரவில்லை ஐயா. 1843இல் ஆங்கிலேயர் சிந்துவைப் பிடித்த பிறகு, ஹைதராபாத் வணிகர்கள் தங்கள் ஊர்க் கைவேலைகளை, அதாவது அரக்குப் பூச்சு மரச்சாமான், பூத்தையல் துணி போன்றவற்றைப் பம்பாய்க்குக் கொண்டுபோய் வெள்ளைக்காரர்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். அந்தக் கைவேலையை ஆங்கிலத்தில் 'சிந்த் வேர்க்' என்றார்கள், 'சிந்துவர்க்கி' என்ற பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபிறகு கப்பல் போகிற துறைமுகமெல்லாம் கடை போட்டார்கள்: எகிப்து, ஜிப்ரால்டர், சிங்கப்பூர், ஜப்பானில் யோக்கோஹாமா, கோபே. பிறகு யப்பான் பட்டுதான் முக்கிய சரக்கு. கடைச் சிப்பந்தியை ஊரிலிருந்து கூட்டிவந்து இரண்டரை, மூன்று வருட ஒப்பந்தத்தில் வைத்திருப்பார்கள், மனைவி பிள்ளைகள் ஹைதராபாத்திலேயே. நம் செட்டியார் கடை முகவர்களின் முறையும் ஏறக்குறைய இதுதான்.

துறைமுகம் என்று பார்த்தால் கொழும்பைவிட நம் திருகோணமலைதான் ஆழமும் பாதுகாப்பும் கூடியது. ஆனால் இதைக் கடற்படைக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள், பயணிக் கப்பல் எல்லாம் கொழும்புக்கே போனது. பட்டும் அலங்காரப் பொருளும் வாங்குகிறவன் பயணிதானே. அதனால் சிந்திகளும் கொழும்பில் நின்றார்கள். ஹிர்தராமணி குடும்பம் அப்படி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பித்ததுதான், இன்று பெரிய ஆடைத் தொழில் நிறுவனம்.

1947க்குப் பிறகு இவர்களுக்கும் ஊர் என்பது இல்லாமல் போய்விட்டது. லீவுக்குப் போக வீடில்லை, குடும்பத்தையும் இங்கேயே கூப்பிடவேண்டி வந்தது. அதே நேரத்தில் இங்கே இலங்கையில் 1948 பிரஜாவுரிமைச் சட்டம், அடுத்த வருடம் இந்திய, பாகிஸ்தானியருக்கான தனிச் சட்டம். இத்தனை வருடம் தொடர்ந்து இருந்தாய் என்று காகிதத்தில் காட்டு என்றார்கள். அந்தச் சட்டத்தில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது, கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அதில் மிகப் பெரும்பாலானவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர், சிந்திகள் கொஞ்சப் பேர்தான். ஆனால் சட்டம் ஒன்றுதான். 1983 ஜூலையில் தமிழரின் கடைகளோடு இந்தியப் பின்னணி கொண்ட வர்த்தகர்களின் ஆலைகளும் எரிக்கப்பட்டன. பணக்காரச் சமூகம், இவர்களுக்கு என்ன கவலை என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதவேண்டும்.

சிந்திகள் எல்லோரும் இந்துக்களா?
– வாசகர், கிண்ணியா

இல்லை தம்பி. சிந்துவில் பெரும்பான்மை முஸ்லிம்கள், அவர்களும் சிந்திகள்தான், அங்கேயே இருக்கிறார்கள். ஷா அப்துல் லத்தீப் என்ற சூஃபிக் கவிஞரின் பாட்டை இரண்டு பக்கத்தாரும் தங்கள் சொத்தாகப் பாடுகிறார்கள். உதேரோ லால் என்ற இடத்தில் ஒரே வளவுக்குள் இந்துவும் முஸ்லிமும் வணங்குகிறார்கள். அங்கே வணங்கப்படுகிறவரை இந்துக்கள் ஜூலேலால் என்பார்கள், படத்தில் சிந்து நதியின் பல்லா மீன்மேல் இருப்பார். அந்த மீனைச் சமைத்தும் சாப்பிடுவார்கள். சிந்தி இந்துக்களின் கோயில்கள் பலவற்றில் சீக்கியரின் குரு கிரந்த சாகிபும் இருக்கும்.

லண்டனில் என் பேரப்பிள்ளைகள் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறார்கள். உலகமெல்லாம் சிதறிய சிந்திகள் மொழியை எப்படிக் காப்பாற்றினார்கள்?
– வாசகர், நிலாவெளி

நீங்கள் எதிர்பார்க்கிற பதில் இது இல்லை ஐயா. பெரும்பாலும் காப்பாற்றவில்லை. மற்றதையெல்லாம் காப்பாற்றினார்கள். வீட்டுக்குப் போனால் இன்றும் தண்ணீரோடு அப்பளம் வரும். சேட்டி சந்த் என்று புதுவருடம் கொண்டாடுவார்கள், லாகோஸ் பெடியனுக்கு ஜகார்த்தாவில் பெண் பார்ப்பார்கள், ஒருவர் கடை நொடித்தால் இன்னொருவர் கடனுக்குச் சரக்குத் தருவார். மொழிதான் கைநழுவியது. சிந்தியை 52 எழுத்துள்ள அரபு வகை எழுத்தில் எழுதுவது வழக்கம். இந்தியாவுக்கு வந்தபிறகு தேவநாகரியில் எழுதுவோம் என்று ஒரு சாரார், கூடாது என்று மறு சாரார், வருடக்கணக்கில் சண்டை. கடைசியில் இரண்டும் இருக்கட்டும் என்றானது, தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரனால் வாசிக்க முடியாமல் போனது. 1967இல் இந்திய அரசியலமைப்பு சிந்தியை ஏற்றுக்கொண்டது, ஆனால் அதற்குள் பெற்றோர் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைக்கவேண்டுமே, நான் குறை சொல்லமாட்டேன்.

நமக்கு எழுத்துச் சண்டை இல்லை, ஊரும் இருக்கிறது, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் வாரத்தில் இரண்டு மணித்தியாலப் பள்ளியால் மட்டும் பிள்ளை கதைக்காது. நீங்கள் வட்ஸ்அப்பில் எடுக்கும்போது மருமகள் மொழிபெயர்க்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பேரன் இங்கிலீஷில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள், கோபிக்காதீர்கள். லீவுக்கு வந்தால் ஒரு மாதமாவது நிற்க வையுங்கள், நிலாவெளிக் கடற்கரையில் ஊர்ப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். அந்தப் பிள்ளைகள் அவனுக்காக இங்கிலீஷ் பேசப் போவதில்லை.