சிடி ஸ்கேனைக் கண்டுபிடித்தவர் மருத்துவரா?

இல்லை, மின்பொறியாளர். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (1919–2004) முனைவர் பட்டம்கூடக் கிடையாது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷரில் பண்ணையில் வளர்ந்தவர். போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார் வேலை, அப்புறம் இஎம்ஐ நிறுவனம். ஆமாம், இசைத்தட்டு வெளியிட்ட அதே இஎம்ஐதான்!

பல கோணங்களிலிருந்து கதிரைப் பாய்ச்சி, உடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால், குறுக்குவெட்டுப் படத்தைக் கணினியே கணக்கிட்டுவிடும் என்பது அவருடைய யோசனை. முதலில் காமா கதிரை வைத்துச் சோதித்தார். அந்தக் கதிரை வெளியிட்ட மூலம் பலவீனமானது என்பதால் ஒரே படத்துக்கு 9 நாள் பிடித்தது. எக்ஸ்ரே குழாய்க்கு மாறியதும் 9 மணி நேரமானது. 1971 அக்டோபரில் லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தார்கள். கட்டி தெளிவாகத் தெரிந்தது.

1979 மருத்துவ நோபல் பரிசை இயற்பியலாளர் ஆலன் கார்மாக்குடன் ஹவுன்ஸ்ஃபீல்டு பகிர்ந்துகொண்டார். இதற்கான கணிதத்தை கார்மாக் 1963-64லேயே வெளியிட்டிருந்தார். என்ன, அப்போது அதைக் கவனித்தவர்கள்தான் குறைவு.