ரவுட்டரில் ஃபயர்வால் இருக்கும்போது ஆலைக்குத் தனியாக ஒன்று எதற்கு?

கேள்வி: மன்னார்குடி பக்கம் நவீன அரிசி ஆலை வைத்திருக்கிறோம். அவியல், டிரையர், பாய்லர் எல்லாம் பிஎல்சியில், அதாவது மெஷின்களை இயக்கும் கன்ட்ரோல் பெட்டியில், ஓடுகின்றன. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வெப்பநிலை ரிப்போர்ட் எடுக்கிறோம். கோளாறு என்றால் டிரையர் சர்வீஸ்காரர் வெளியூரிலிருந்தே ரிமோட்டில் பார்த்துக்கொள்கிறார். இப்போது ஒரு டீலர் இண்டஸ்ட்ரியல் ஃபயர்வால் போடச் சொல்கிறார். பிராட்பேண்ட் ரவுட்டரிலேயே ஃபயர்வால் இருக்கிறதே, இது தேவையா?

பதில்: தேவைதான். கல்லணையில் ஷட்டர் இருக்கிறதென்று நம் வயலுக்கு மடை வைக்காமல் விடுவதில்லையே. ரவுட்டர் இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கிறது. கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டருக்கும் பாய்லர் பிஎல்சிக்கும் நடுவில் யாருமே இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கம்ப்யூட்டர் வைரஸ் இப்படித்தான் பரவியது: ஒரு விண்டோஸ் மெஷினில் புகுந்ததும், அதே நெட்வொர்க்கில் இருந்த மற்றதையெல்லாம் தானே தேடிப்போனது. ஆலை ஓட்டத்தைத் திரையில் காட்டும் உங்கள் ஸ்காடா கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்கு வழக்கமான அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. மாற்றினால் சாஃப்ட்வேர் ஓடாது என்று யாரும் அதைத் தொடுவதில்லை. அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு.

சாதாரண ஃபயர்வாலையே நடுவில் வைக்கலாமே என்பீர்கள். சிக்கல், கம்ப்யூட்டரும் பிஎல்சியும் பேசிக்கொள்ளும் முறையான மோட்பஸில் இருக்கிறது. 1979இல் வந்த இந்த முறையில் பாஸ்வேர்டே கிடையாது. டிரையர் செட்பாயின்டை (நாம் வைத்திருக்கும் வெப்ப அளவை) 20 டிகிரி ஏற்று என்று எந்தக் கம்ப்யூட்டர் சொன்னாலும் பிஎல்சி ஏற்றிவிடும். குருணை கூடிய பிறகுதான் நமக்கு உறைக்கும். சாதாரண ஃபயர்வாலுக்குத் தெரிவதெல்லாம் 502 என்ற போர்ட் நம்பர்தான்: மொத்தமாகத் திறக்கும், இல்லையென்றால் மொத்தமாக அடைக்கும். இண்டஸ்ட்ரியல் ஃபயர்வால்களில் பலவும் நெட்வொர்க்கில் போகும் தகவல் பாக்கெட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபங்ஷன் கோடை, அதாவது கட்டளை எண்ணை, படிக்கும். 3, 4 என்றால் மதிப்பைப் படிப்பது. 5, 6, 15, 16 என்றால் எழுதுவது. ஆபீஸுக்கு ரிப்போர்ட் மட்டும்தானே வேண்டும்? 3, 4ஐ விட்டு மற்றதை அடைத்துவிடலாம். என் கணக்கில் கொடுக்கிற காசு இதற்குத்தான். மற்றபடி விசிறி இல்லாத உடம்பு, பேனல் ரெயிலில் மாட்டும் வசதி, 24 வோல்ட் டிசி. உமித்தூசியில் விசிறி வைத்த பெட்டி எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பெட்டி வாங்குவதற்கு முன் எல்லாப் பேனலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கும்பகோணம் பக்கம் ஓர் ஆலையில் டிரையர் பேனல் கதவின் உள்பக்கம், டபுள் டேப்பில் ஒட்டிய 4ஜி மோடம் ஒன்று பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. எப்போதோ சர்வீஸுக்கு வந்தவர் மாட்டியது, சிம்முக்கு ரீசார்ஜும் அவரே. முதலாளிக்குத் தெரியவே தெரியாது. அப்படி ஒரு மடை திறந்து கிடந்தால் முன்வாசல் ஃபயர்வால் என்ன விலையாயிருந்தும் பயனில்லை, தன் வழியாகப் போகிற பாக்கெட்டைத்தான் அது பார்க்கும். மோடத்தைக் கழற்றிவிட்டு, ரிமோட் சர்வீஸை ஃபயர்வாலின் விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் பூட்டிய தனி வழி) வழியாகக் கொடுங்கள். சில மாடல்களில் பேனலில் சாவி ஸ்விட்ச் வைத்து, அதைத் திருப்பினால்தான் விபிஎன் திறக்கும்படி செய்யலாம். அதைக் கேட்டு வாங்குங்கள். சாவி ஷிப்ட் மேஸ்திரியிடம் இருக்கட்டும்.

ஐபி முகவரி எதையும் மாற்றாமல் நடுவில் செருகும் பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள். முதல் சில நாள் எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யட்டும். ஊறல், அவியல், உலர்த்தல் என்று முழு பேட்ச் ஓடினால்தான் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தெரியும். தடுப்பை ஆலை நிறுத்திக் கழுவும் நாளில் போடுங்கள். சம்பா நெல் வந்து குவிகிற தை, மாசியில் வேண்டவே வேண்டாம்.

பாய்லரின் சேஃப்டி வால்வும், தண்ணீர் குறைந்தால் நிறுத்தும் கட்-ஆஃபும் தனி வயரிங்கில் அப்படியே இருக்கட்டும். அவற்றுக்கு ஃபயர்வால் மாற்று ஆகாது.

டீலரிடம் ஒன்றே கேளுங்கள்: "மோட்பஸில் படிக்க மட்டும் விட்டு, எழுதுவதை அடைத்துக் காட்டுங்கள்." உங்கள் பிஎல்சியிலேயே செய்துகாட்டினால் வாங்கலாம். பிரவுசரைத் திறந்து வெப்சைட் பிளாக் செய்துகாட்டினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.